பேர்ண் பழைய நகரத்தில் பிள்ளைகளோடு ஓர் அரைநாள்

சுவிஸின் பேர்ண் நகரத்துக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் சனிக்கிழமையே பழைய நகரம் பார்க்கக் கிளம்புவார்கள். பாதி வழியில் பிள்ளை "தூக்குங்கோ" என்று நின்றுவிடும். பெரும்பாலும் பிழை தூரத்தில் இல்லை, தொடங்கிய இடத்தில்தான். ரயில் நிலையத்திலிருந்து கரடிப் பூங்கா வரை முழுவதும் இறக்கம். மேலேயிருந்து கீழே நடந்து, திரும்பும்போது 12ஆம் இலக்க பஸ் பிடியுங்கள். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். அதற்கு மேல் 16 வரை, வருடத்துக்கு 30 பிராங்க் யூனியர் கார்ட் எடுத்தால் பெற்றோரோடு சேர்ந்து இலவசமாகப் போகலாம்.

தள்ளுவண்டில்தான் முதல் தலையிடி. மடித்துக் கையில் தூக்கும் சின்னச் சில்லு வண்டில் கல் பாவிய தெருவில் நகராது. பெரிய சில்லு வண்டிலைக் கொண்டுபோங்கள். மார்க்ட்காஸவில் ட்ராம் தண்டவாளம் உண்டு. அதைச் சரிவாகக் கடந்தால் முன்சில்லு பள்ளத்துக்குள் விழுந்து இறுகிவிடும், நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். மழை வந்தால் இருபக்கமும் உள்ள லாவுபன் விறாந்தைகளுக்குள் புகுந்துவிடலாம். அங்கேயும் கவனம் வேண்டும். சில இடங்களில் விறாந்தை தெருவை விட உயரம், இறங்கப் படிதான் உண்டு. நிலவறைக் கதவுகள் தெருப்பக்கம் திறந்திருக்கும், ஓடும் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

சைட்குளொக்க மணிக்கூட்டுக் கோபுரத்துக்குச் சரியாக மணிக்கு வந்தால் ஏமாற்றம்தான். பொம்மைகளின் ஆட்டம் மணி அடிப்பதற்குச் சில நிமிடம் முன்பே தொடங்கும்: சேவல் கூவும், கரடிகள் சுற்றி வரும், கோமாளி மணி ஆட்டுவான். பத்து நிமிடம் முந்தி வந்து கிழக்குப் பக்கம், அதாவது கிராம்காஸ பக்கம் நில்லுங்கள். பிள்ளையைத் தோளில் ஏற்றினால்தான் தெரியும். பக்கத்துக் கோர்ன்ஹவுஸ்பிளாட்ஸில் குழந்தையின் தலையைக் கடிக்கும் அரக்கனின் நீரூற்று இருக்கிறது, 16ஆம் நூற்றாண்டுச் சிலை. சில பிள்ளைகள் சிரிப்பார்கள், சிலருக்கு இரவு நித்திரை போகும். உங்கள் பிள்ளை எந்த வகை என்று நீங்களே அறிவீர்கள். நீரூற்றுக்களில் குழாயிலிருந்து விழும் தண்ணீரைப் போத்தலில் பிடிக்கலாம். "கைன் டிரிங்க்வாசர்" (குடிநீர் அல்ல) என்று எழுதியிருந்தால் மட்டும் வேண்டாம்.

அங்கிருந்து பேராலயத்தின் பக்கத்தில் உள்ள மின்ஸ்டர்பிளாட்ஃபோர்ம் மேடைக்கு வாருங்கள். மரநிழல், மணல்குழி, வாங்குகள், கொண்டுவந்த சாப்பாட்டை விரித்துச் சாப்பிட இதை விட நல்ல இடம் பழைய நகரத்தில் இல்லை. மணலில் கிடக்கும் வாளி, அகப்பையை யாரும் எடுத்து விளையாடலாம், போகும்போது அங்கேயே வைத்துவிட வேண்டும். ஓர மதிலில் மட்டும் பிள்ளையை ஏற்ற வேண்டாம், அதற்கு அப்பால் செங்குத்துப் பள்ளம். 1654இல் குதிரையோடு அங்கிருந்து விழுந்து பிழைத்த மாணவனின் நினைவுக் கல்லே மதிலில் இருக்கிறது.

கெரெக்டிக்கைட்ஸ்காஸ வழியாக இறங்கி நிடெக் பாலத்தைக் கடந்தால் கரடிப் பூங்கா. 2009இல் திறந்தது, நுழைவு இலவசம். குளிர்காலத்தில் கரடிகள் உறங்கும், வெறும் சரிவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடலாம்.

கரடிப் பூங்காவுக்கு மேலே மேட்டில் உள்ள ரோசன்கார்ட்டன் விளையாட்டுத் திடலைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் போனால் பிள்ளை அங்கிருந்து அசையாது, மிச்ச நகரம் போச்சு. கரடிப் பூங்காவிலிருந்து ஏறும் பாதை செங்குத்து. 12ஆம் பஸ் அங்கே போகாது, 10ஆம் பஸ்தான் ரோசன்கார்ட்டனில் நிற்கும். சுவிஸ் பெற்றோர் மழையிலும் பிள்ளைகளை விளையாட விடுவார்கள். நீர் புகாத களிசானும் மாற்றுச் சோடிக் காலுறையும் பையில் இருந்தால் நீங்களும் விடலாம். மற்றப் பெற்றோர் வாங்கில் இருந்தே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உயரத்தில் ஏறும் பிள்ளையைத் தாங்கிப் பிடித்தபடி நீங்கள் ஒருவர் மட்டும் நின்றால் வெட்கப்படத் தேவையில்லை.

திரும்பும் பஸ்ஸில் நடுக்கதவால் ஏறி, பிரேக் போட்டு, வண்டிலின் முதுகு பஸ் ஓடும் திசையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். இறக்கத்தில் பஸ் சட்டென்று நின்றாலும் பிள்ளை முன்னுக்குச் சரியாது.