பினாங்கு கேட்கவில்லை என்று பவரைக் கூட்டாதீர்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் அமெச்சூர் ரேடியோவுக்குப் புதிதாகக் கால்சைன் (அழைப்புக் குறி) வாங்கி எச்எஃப் எனும் சிற்றலைப் பக்கம் வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே குழியில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இடி வந்தால் ஆண்டெனாவைக் கழற்றுங்கள், கோஆக்ஸ் கேபிள் முனையில் தண்ணீர் இறங்காமல் சுற்றி ஒட்டுங்கள் என்பதையெல்லாம் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். அலை எப்படிப் போகிறது என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டு காசை விடுவதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

பக்கத்து ஊர் கேட்கவில்லை என்று லீனியர் (பவர் கூட்டும் பெட்டி) வாங்குவது

கெப்போங்கில் ஒரு தம்பி. பட்டர்வொர்த்தில் இருக்கும் மாமாவைப் பார்த்துத்தான் அவனுக்கு இந்த ஆர்வமே வந்தது. அவரோடு 40 மீட்டரில் (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்) பேச வேண்டும் என்று ஆசைப்பட்டு, கடையில் சொன்னதை நம்பி ஒரு வெர்ட்டிகல் (நெட்டாக நிற்கும்) ஆண்டெனாவை நட்டான். வேலை முடிந்து வந்து இரவு 11 மணிக்கு மேல் கூப்பிடுவான். ஜப்பான் பதில் சொன்னது, மாமாவுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. 100 வாட் போதவில்லை என்று முடிவுகட்டி, சேமித்து வைத்திருந்த வெள்ளியை எல்லாம் போட்டு ஒரு லீனியர் வாங்கினான். ஜப்பானில் இன்னும் பலமாகக் கேட்டது. பட்டர்வொர்த்தில் அதே இரைச்சல்தான்.

கணக்கைப் பாருங்கள். 100 வாட்டை 400 வாட் ஆக்கினால் கிடைப்பது 6 டெசிபெல், அதாவது சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரே ஒரு புள்ளி. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அலையைத் திருப்பி அனுப்பும், அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கும் கிட்டத்தட்ட அதே 300 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் அலை இங்கிருந்து 60 டிகிரிக்கு மேல் செங்குத்தாக ஏறி, நடுவழியில் திரும்பி இறங்க வேண்டும். வெர்ட்டிகல் பெரும்பாலான சக்தியைத் தாழ்ந்த கோணத்தில் அனுப்புகிறது, தலைக்கு மேலே ஏறக்குறைய ஒன்றுமே போகாது. தாழ்ந்து போகிற அலை முதலில் தரையிறங்குவதே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்தான். இடையில் இருக்கும் வளையத்துக்கு ஸ்கிப் ஸோன் என்று பெயர். மாமா வீடு அதற்குள் இருக்கிறது.

இன்னொன்று, நேரம். சூரியன் இறங்கிய பிறகு எஃப் அடுக்கின் அயனிகள் குறைந்துகொண்டே வரும். நள்ளிரவு தாண்டி, குறிப்பாக விடியலுக்கு முன், செங்குத்தாக ஏறும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையைத் திருப்பும் வலு அதற்குப் பல நாட்களில் இருப்பதில்லை. எத்தனை வாட் கொடுத்தாலும் அலை துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும்.

தீர்வுக்கு ஆன செலவு கொஞ்சம் ஒயரும் கயிறும்தான். மொத்தம் 20 மீட்டர் நீள டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த கிடைமட்ட ஒயர் ஆண்டெனா), வீட்டுக் கம்பத்திலிருந்து பின்புற ரம்புத்தான் மரம் வரை, தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில். ஞாயிறு காலை, லீனியரை அணைத்துவிட்டுக் கூப்பிட்டான்.

"மாமா, இப்ப எப்படி?"

"ஃபைவ் நைன்டா தம்பி!" தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இன்னும் எரிச்சலாக இருப்பது, "ஆண்டெனாவை எவ்வளவு உயர்த்த முடியுமோ உயர்த்து" என்று எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போவது. தூர தேசம் பிடிக்க அது சரி. ஈப்போவும் பினாங்கும் பேச வேண்டியவனிடம் அதைச் சொல்வது அவன் பணத்துக்குச் செய்யும் துரோகம். யாரோடு பேச வேண்டும், எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். பகலுக்கு 40 மீட்டர், பின்னிரவுக்கு 80 மீட்டர், இரண்டுக்கும் தாழ்ந்த டைபோல்.

உச்சி வெயிலில் 80 மீட்டர்

வேண்டாம். பகலில் எஃப் அடுக்குக்குக் கீழே உருவாகும் டி அடுக்கு அலையை விழுங்கிவிடும்.

அலை போக்கு பற்றிய ஐரோப்பியக் குறிப்புகளை அப்படியே நம்புவது

காந்த நடுக்கோடு நமக்கு வடக்கே, தெற்குத் தாய்லாந்து வழியாகப் போகிறது. நம் வானம் வேறு. மாலை மங்கியதும் எஃப் அடுக்கு கலைந்து, குமிழ் குமிழாகிவிடும் நாட்கள் உண்டு, மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் அதிகம். அப்போது வரும் சிக்னல் படபடவென்று நடுங்கும். ரேடியோ கெட்டுவிட்டதோ என்று திறந்து பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், அந்தக் குறிப்புகளில் இருப்பது யூடிசி எனும் உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு 8 மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எஃப்டி8-இல் போனால் குரலும் போகும் என்பது

போகாது. 2017-இல் வந்த, கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் இந்த முறை, இரைச்சலைவிட 20 டெசிபெல் கீழே கிடக்கும் சிக்னலையும் பிரித்தெடுக்கும். காதால் அது முடியாது.

கையடக்க செட்டுக்கு 5 வாட் போதாது என்பது

உயரம்தான் போதவில்லை. அது பேசும் 144 மெகாஹெர்ட்ஸ் அலை அயனி மண்டலத்தில் பொதுவாகத் திரும்புவதில்லை, ஏறக்குறைய பார்வை எட்டும் தூரம்தான். 10 மீட்டர் உயர ஆண்டெனாவுக்கு ரேடியோ அடிவானம் 13 கிலோமீட்டர். 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு கொடிமலை உச்சிக்கு 119. சில இரவுகளில் மலாக்கா நீரிணைக்கு மேல் வெப்பக்காற்று அடுக்கு அமைந்து சுமத்ரா வரை தெளிவாகக் கேட்கும். கேட்கிறபோது பேசிக்கொள்ளுங்கள், அதை நம்பி மறுநாளைக்கு நேரம் குறிக்காதீர்கள்.