குங் ஃபூ பாண்டா: எதிலிருந்து ஆரம்பிப்பது, எதை எப்போது பார்ப்பது?

குண்டுப் பாண்டா ஒன்று குங் ஃபூ கற்றுக்கொள்ளும் கதை என்று எல்லாருக்கும் தெரியும். அதில் நாலு சினிமா, மூன்று தொடர், ஒரு பண்டிகைச் சிறப்புக் கதை, அது போக ஒரு கைப்பிடி குறும்படங்கள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. ஓடிடி தளத்தில் தேடினால் எல்லாம் கலந்து வந்து விழும். எதைத் தொடுவது என்று புரியாமல் கண்ணில் முதலில் பட்டதை அழுத்திவிட்டு, ‘இவங்கெல்லாம் யாரு?’ என்று முழிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கதைத் திருப்பங்களை உடைக்க மாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.

விளக்கமெல்லாம் வேண்டாம், வரிசை மட்டும் போதும் என்பவர்களுக்கு:

1. குங் ஃபூ பாண்டா (2008)
2. சீக்ரெட்ஸ் ஆஃப் தி ஃப்யூரியஸ் ஃபைவ் (2008, குறும்படம்)
3. குங் ஃபூ பாண்டா ஹாலிடே (2010)
4. லெஜண்ட்ஸ் ஆஃப் ஆசம்னஸ் (2011–2016, தொடர், கொஞ்சம் மட்டும்)
5. குங் ஃபூ பாண்டா 2 (2011)
6. குங் ஃபூ பாண்டா 3 (2016)
7. சீக்ரெட்ஸ் ஆஃப் தி மாஸ்டர்ஸ் (2011), சீக்ரெட்ஸ் ஆஃப் தி ஸ்க்ரோல் (2016), பாண்டா பாஸ் (2016)
8. தி பாஸ் ஆஃப் டெஸ்டினி (2018–2019, தொடர்)
9. தி டிராகன் நைட் (2022–2023, தொடர்)
10. குங் ஃபூ பாண்டா 4 (2024)

வெளியான வரிசையிலேயே பார்த்தால் என்ன என்று கேட்கலாம். முடியாது, காரணம் லெஜண்ட்ஸ் தொடர். அது 2011இல் இரண்டாம் படத்துக்குப் பிறகு தொடங்கி, 2016இல் மூன்றாம் படமும் வந்த பிறகுதான் முடிந்தது. அதன் 80 அத்தியாயங்களையும் ஆண்டுக் கணக்கில் நடுவே செருகினால் படங்களின் கதை ஓட்டம் அறுந்துபோகும். சரி, கதை நடக்கும் கால வரிசை? அதில் ஸ்க்ரோல் குறும்படம் முதலில் வந்து நிற்கும். யாரென்றே தெரியாதவர்கள் எப்படிக் கூட்டாளிகள் ஆனார்கள் என்று பார்ப்பதில் என்ன சுவாரசியம்? அதனால் இரண்டையும் கலந்துதான் மேலே உள்ள வரிசையைப் போட்டேன்.

படி 1: முதல் படம், வேறு எதுவும் இல்லை

92 நிமிடம். இதற்கு முன்னால் எந்தக் குறும்படத்தையும் தொடாதீர்கள். நூடுல்ஸ் கடையில் வேலை செய்துகொண்டு குங் ஃபூ கனவு காணும் போ, அவனைச் சகித்துக்கொள்ள முடியாத குரு ஷிஃபு, எதற்கும் பதறாத ஆமை ஊக்வே, ஆயிரம் காவலர்கள் ஒரே ஒரு கைதியைக் காக்கும் சிறையிலிருந்து தப்பித்து வரும் டை லங் என்று இந்த உலகத்தின் அஸ்திவாரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஷிஃபுவின் சீடர்களான டைக்ரஸ், மங்கி, கிரேன், வைப்பர், மான்டிஸ் ஆகிய ஐவரின் (இவர்கள்தான் ‘ஃப்யூரியஸ் ஃபைவ்’) சண்டை முறையையும் கவனித்துப் பாருங்கள். புலி, குரங்கு, கொக்கு, பாம்பு, கும்பிடுபூச்சி ஆகிய ஐந்தின் பெயரிலும் சீனத்துக் குங் ஃபூவில் உண்மையிலேயே பாணிகள் உண்டு. ஒவ்வொரு பாணியையும் அந்த மிருகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். நகைச்சுவைப் படம்தானே என்று சண்டைகளை ஒப்பேற்றாதது இந்தப் படத்தின் பெரிய பலம்.

இன்னொரு இடத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போவின் அப்பா மிஸ்டர் பிங் ஒரு வாத்து. வாத்துக்கு எப்படிப் பாண்டா பிள்ளை? முதல் படம் இதைப் பற்றி மூச்சு விடாது. ஓர் இடத்தில் மட்டும், ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த விஷயம் என்று பிங் ஆரம்பிப்பார். அப்புறம் அவர் சொல்வது வேறு ஏதோ. அந்தச் சிரிப்பு இரண்டாம் படத்தில் வேறு மாதிரி திரும்பி வரும்.

படி 2: இரண்டு சின்னத் துண்டுகள்

சீக்ரெட்ஸ் ஆஃப் தி ஃப்யூரியஸ் ஃபைவ் அரை மணி நேரம்கூட இல்லை. முயல் குட்டிகளுக்குப் பாடம் எடுக்க வேண்டிய வேலை போவின் தலையில் விழுகிறது. அவன் ஐவரின் பழைய கதைகளைச் சொல்கிறான். முதல் படத்தில் டைக்ரஸ் ஏன் அவ்வளவு கடுகடு என்று இருக்கிறாள் என்பதற்கு இங்கே கொஞ்சம் பதில் கிடைக்கும்.

இதை இரண்டாம் படத்துக்கு முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐவரின் பழைய கதைகள் கையால் வரைந்தது போன்ற 2டி பாணியில் வருகின்றன. முதல் படத்தின் தொடக்கக் கனவுக் காட்சியும் அப்படித்தான். இரண்டாம் படம் நிழல் பொம்மலாட்டம் போன்ற பாணியில் தொடங்கி, போவின் சின்ன வயது நினைவுகளை 2டியில் காட்டும். நினைவும் கனவும் பழங்கதையும் வந்தால் ஓவியப் பாணி மாறும் என்று கண் முன்கூட்டியே பழகிவிடுவதால், அந்த நினைவுக் காட்சிகள் வரும்போது குழப்பமே இருக்காது.

அடுத்து ஹாலிடே. குளிர்காலப் பண்டிகை அன்று ஜேட் அரண்மனையில் பெரிய விருந்தை நடத்த வேண்டிய பொறுப்பு போவுக்கு வருகிறது. அதே நாளில் அப்பாவோடு கடையில் இருக்க வேண்டும் என்றும் மனசு அடித்துக்கொள்கிறது. சின்னக் கதைதான். ஆனால் பிங்கும் போவும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பாசத்தை இரண்டாம் படத்துக்கு முன்னால் பார்த்துவிடுவது நல்லது.

படி 3: லெஜண்ட்ஸ் தொடரில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

பலர் நின்றுபோவது இங்கேதான். 80 அத்தியாயங்களையும் பார்க்கச் சுமார் 30 மணி நேரம் ஆகும். முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாம் படத்துக்குப் போவேன் என்று உட்கார்ந்தால், அங்கே போய்ச் சேரும்போது முதல் படமே மறந்திருக்கும்.

நல்ல வேளையாக, பெரும்பாலான அத்தியாயங்கள் அந்தந்த அத்தியாயத்திலேயே முடிந்துவிடும் கதைகள். அதனால் முதல் சில அத்தியாயங்களைப் பாருங்கள், பிடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் போங்கள், போதும் என்று தோன்றியதும் இரண்டாம் படத்துக்குத் தாவுங்கள். மிச்சத்தை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். டை லங்கின் உறவுக்காரனான பெங் வரும் அத்தியாயங்களையும், இயந்திரங்கள் செய்து தொல்லை கொடுக்கும் டாவோடீ வரும் அத்தியாயங்களையும் தேடிப் பார்க்கலாம்.

ஆங்கில ஒலியில் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். சினிமாக்களில் போவுக்குக் குரல் கொடுப்பவர் ஜாக் பிளாக், இந்தத் தொடரில் மிக் விங்கர்ட். ரெண்டு அத்தியாயத்தில் காது பழகிவிடும். ஆனால் படங்களில் நடந்ததோடு எல்லாம் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதைத் தனிக் கிளைக்கதையாக எடுத்துக்கொண்டால் நிம்மதி.

படி 4: 2, 3 ஆகிய இரண்டையும் சேர்த்தே பாருங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். இரண்டாம் படம் முடிந்ததும் மூன்றாம் படத்துக்கு நேரே போய்விட வேண்டும். நடுவில் தொடர் வேண்டாம், குறும்படம் வேண்டாம். முடிந்தால் அன்றைக்கே, இல்லையென்றால் மறுநாள்.

ஏனென்றால் இரண்டாம் படத்தின் கடைசிக் காட்சி ஒரு கதவைத் திறந்துவிட்டு நின்றுவிடுகிறது. திரையரங்கில் பார்த்தவர்கள் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன என்று தெரிந்துகொள்ள 2011 முதல் 2016 வரை காத்திருந்தார்கள். நமக்கு அந்தத் தலைவிதி இல்லை.

இரண்டாம் படம்தான் இந்த வரிசையிலேயே சிறந்தது என்பது என் கட்சி. முதல் படத்தின் தொடக்கக் கனவுக் காட்சியை இயக்கிய ஜெனிஃபர் யூ நெல்சன், இதில் முழுப் படத்தையும் இயக்கினார். பெரிய ஹாலிவுட் அனிமேஷன் ஸ்டூடியோ ஒன்றின் முழுநீளப் படத்தைத் தனியாக இயக்கிய முதல் பெண் அவர். வில்லன் ஷென் ஒரு வெள்ளை மயில். பட்டாசு மருந்தைப் பீரங்கிக்குத் திருப்பியவன். குங் ஃபூ எவ்வளவு கற்றாலும் பீரங்கிக் குண்டை என்ன செய்ய முடியும் என்பதுதான் படம் எழுப்பும் கேள்வி. நடுவே, தான் யார் என்ற கேள்வி போவைப் பிடித்து ஆட்டுகிறது. சிரிப்புக்கும் குறைவில்லை. கோங்மென் நகரத்துக்குள் ஆறு பேரும் டிராகன் வேஷத்துக்குள் ஒளிந்துகொண்டு போகும் காட்சி ஒன்று போதும்.

குழந்தைகளோடு பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. போவின் குழந்தைப் பருவக் காட்சிகள் கனமானவை, அம்மா குழந்தையைப் பிரியும் இடம் வருகிறது. ரொம்பச் சின்னப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு நீங்கள் எழுந்து போகாதீர்கள்.

மூன்றாம் படத்தில் நெல்சனோடு அலெசாண்ட்ரோ கார்லோனியும் சேர்ந்து இயக்கினார். இரண்டாம் படம் போட்ட முடிச்சு இங்கே அவிழும். அப்பா பிங்குக்கு ஒரு புதுக் கவலை வரும், பாண்டாக்களின் கிராமம் ஒன்று வரும். காய் என்ற வில்லன் ஊக்வே காலத்துப் பழைய கணக்கைத் தீர்க்க வருவான். இரண்டாம் படத்தின் கனத்துக்குப் பிறகு இது இலகுவாக இருக்கும். அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த மாற்றமே சுகமாக இருக்கும்.

படி 5: மிச்சக் குறும்படங்கள்

மாஸ்டர்ஸ் குறும்படம், இரண்டாம் படத்தில் கொஞ்ச நேரமே வந்துபோகும் மூன்று குருக்களின் முன்கதை. இரண்டாம் படத்தைப் பார்க்காதவர்களுக்கு அந்தப் பெயர்களே அறிமுகமாகியிருக்காது, அதனால்தான் தள்ளி வைத்தேன். ஸ்க்ரோல், முதல் படத்துக்கு முந்தைய கதை. ஐவரும் ஒரே அணியாகச் சேர்ந்ததில், தனக்கே தெரியாமல் போவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. எல்லாரையும் நன்றாகத் தெரிந்த பிறகு பார்த்தால் சிரிப்பு இரண்டு மடங்கு. பாண்டா பாஸ், மூன்றாம் படத்தில் வரும் மெய் மெய் என்ற பாண்டாவின் குட்டிக் கதை, விட்டாலும் நஷ்டமில்லை.

படி 6: இரண்டு தொடர்கள்

இவை இரண்டுமே மூன்றாம் படத்துக்குப் பிந்தையவை. பாஸ் ஆஃப் டெஸ்டினியில் 26 அத்தியாயங்கள். பாண்டா கிராமத்தின் நாலு பிள்ளைகளுக்குத் தற்செயலாக அபூர்வ சக்தி கிடைக்கிறது, போ அவர்களுக்கு வாத்தியார். கிராமமே மூன்றாம் படத்தில்தான் அறிமுகம் என்பதால் அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை.

டிராகன் நைட்டில் 3 சீசன்கள், 42 அத்தியாயங்கள். ஜாக் பிளாக்கின் குரல் இதில் திரும்ப வருகிறது. ஆரம்பத்திலேயே போவின் பெயர் கெட்டு, அவனுடைய ‘டிராகன் மாஸ்டர்’ பட்டம் பறிபோகிறது. வாண்டரிங் பிளேடு என்ற ஆங்கிலேய வீராங்கனையோடு ஊர் ஊராக அலைகிறான். லெஜண்ட்ஸ் மாதிரி இதில் அங்கங்கே தாவிப் பார்க்க முடியாது. ஒரே நீளக் கதை என்பதால் முதலிலிருந்துதான் போக வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதை எடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் பாஸ் ஆஃப் டெஸ்டினி.

படி 7: நாலாம் படம்

மைக் மிட்செல் இயக்கியது. உருவம் மாறும் பச்சோந்தி வில்லி, ஜென் என்ற திருட்டு நரி, ஜூனிபர் நகரம் என்று எல்லாமே புதுசு. இதைப் பார்க்க மேலே சொன்ன எந்தத் தொடரும் கட்டாயம் இல்லை. ஆனால் முதல் மூன்று படங்களும் கட்டாயம் வேண்டும். பழைய முகங்கள் சிலவற்றை இந்தப் படம் திரும்பக் கூட்டி வருகிறது, அவர்களைத் தெரியாதவர்களுக்கு அந்த இடங்கள் சப்பென்று போய்விடும். ஐவரை எதிர்பார்த்து உட்காராதீர்கள், அவர்களுக்கு இதில் வேலை ரொம்பக் குறைவு. எனக்கு அது குறைதான்.

நேரமே இல்லை என்பவர்கள் சினிமாக்களை மட்டும் 1, 2, 3, 4 என்று பார்க்கலாம். நாலும் சேர்ந்து 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். முதல் நாள் முதல் படம், இரண்டாம் நாள் 2, 3 சேர்த்து, நாலாம் படத்தை எப்போது தோதுப்படுகிறதோ அப்போது. அதுவும் முடியாது என்றால் மூன்றாம் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதை அங்கேயே ஒரு முழுமைக்கு வந்துவிடுகிறது.