புது ஹேண்டி ரேடியோவில் முதலில் பார்க்க வேண்டியவை

புது ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) ஹேண்டி, அதாவது கையடக்க செட், கைக்கு வந்ததும் பிடிடி பட்டனை (பேசும்போது அழுத்திப் பிடிக்கும் பட்டன்) அழுத்தத்தான் கை பரபரக்கும். ஆன்டெனாவை மாட்டாமல் மட்டும் அழுத்தாதீர்கள். வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைப் பதம் பார்த்துவிடும்.

அப்புறம், ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) தெளிவாகக் கேட்கிறது, நாம் பேசினால் மட்டும் அது எழவில்லை என்றால் உடனே செட்டைச் சந்தேகப்பட வேண்டாம். பெரும்பாலும் டோன் (குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி) அல்லது ஆஃப்செட் (ரிப்பீட்டர் அனுப்பும் அலைவரிசைக்கும் வாங்கும் அலைவரிசைக்கும் உள்ள இடைவெளி)தான் காரணம். ஹாம்கள் பயன்படுத்தும் 2 மீட்டர் பேண்ட் எனும் அலைவரிசைப் பகுதியில் பல நாடுகளில் ஆஃப்செட் 600 கிலோஹெர்ட்ஸ். அது கூட்டலா கழித்தலா என்பதையும் மெனுவில் பாருங்கள். ரிப்பீட்டர் எதிர்பார்க்கும் டோனை (மெனுவில் சிடிசிஎஸ்எஸ் என்று இருக்கும்), உதாரணமாக 88.5 ஹெர்ட்ஸை, அனுப்பும் பக்கம் வைத்தாலே போதும்.

பட்டனை அழுத்தி அரை விநாடி விட்டுப் பேசுங்கள். இல்லாவிட்டால் அழைப்புக்குறியின் (உங்கள் நிலையத்தின் அடையாளப் பெயர்) முதல் எழுத்து காணாமல் போகும். ஆன்டெனா செங்குத்தாகவே இருக்கட்டும்.