லோட் ஷெடிங் விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்க ஒரு 555 போதும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் லோட் ஷெடிங்குக்கென்று (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) பல வீடுகளில் 12 வோல்ட் பாட்டரியும் எல்இடி பட்டையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். பட்டை முழு வெளிச்சத்தில் எரிய வேண்டியதில்லை; பாதியாக்கினால் பாட்டரி ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தாங்கும்.

555 என்ற டைமர் சிப் பட்டையை வேகமாக அணைத்து அணைத்து எரியவைக்கும்; எரியும் நேரம் குறைந்தால் வெளிச்சமும் குறையும். அந்தச் சிப்பின் 4, 8 கால்களை பாட்டரியின் பிளஸ்ஸிலும், 1-ஐ மைனஸிலும் கொடுங்கள். 8-க்கும் 7-க்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். 7-லிருந்து 100 கிலோ ஓம் பொட்டின் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) நடுக்கால்; வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது இதுதான். பொட்டின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு 1என்4148 டையோடு, எதிரெதிர் திசையில். டையோடுகளின் மறுமுனைகள் சேர்ந்து 2, 6 கால்களுக்குப் போகும்; அங்கிருந்து மைனஸுக்கு 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர். அணைந்து எரியும் வேகம் சுமார் 1.4 கிலோ ஹெர்ட்ஸ், கண்ணுக்குச் சிமிட்டல் தெரியாது. இரண்டு டையோடும் ஒரே திசையில் இருந்தால் கெப்பாசிட்டருக்கு ஒரு வழி அடைபட்டு, சர்க்கியூட் அசையவே அசையாது. வேலை செய்யாவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

3-ஆம் காலிலிருந்து 100 ஓம் வழியாக ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டின் கேட் (மாஸ்ஃபெட் என்பது ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்; கேட், சோர்ஸ், டிரெயின் அதன் மூன்று கால்கள்). கேட்டிலிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம். சோர்ஸ் மைனஸில், பட்டையின் மைனஸ் வயர் டிரெயினில், பிளஸ் வயர் நேராகப் பாட்டரியின் பிளஸ்ஸில். 5 வோல்ட்டில் ஓட்டினால் இந்த மாஸ்ஃபெட் முழுதாகத் திறக்காமல் சூடாகும். அப்போது ஐஆர்எல்இசட்44என் போடுங்கள்.

சிப்பின் 8-க்கும் 1-க்கும் குறுக்கே, காலுக்கு ஒட்டியே, 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டர் ஃபேனுக்கு இந்த முறை ஒத்துவராது, அதற்குள்ளேயே தனி சர்க்கியூட் இருக்கிறது.