விஷுவல் ஸ்டூடியோ வாங்குமுன் உரிம விதியைப் படியுங்கள்

நிரல் எழுதுவதற்கான மைக்ரோசாஃப்டின் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோவின் புரொஃபெஷனல் பதிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், 2014 முதல் இலவசமாகக் கிடைக்கும் கம்யூனிட்டி பதிப்பின் உரிம விதி உங்களுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். தனியாக நிரல் எழுதுபவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

நிரல் திருத்தி, கம்பைலர், பிழைதிருத்தி, நீட்சிகளை நிறுவும் வசதி ஆகியவற்றில் இவ்விரு பதிப்புகளும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், விலை வேறுபாடு பெரும்பாலும் வசதிகளுக்கானது அன்று, யார் பயன்படுத்தலாம் என்ற உரிமைக்கானது. தனிநபர் ஒருவர் கம்யூனிட்டி பதிப்பில் எழுதிய மென்பொருளை விற்றுப் பணம் ஈட்டவும் விதி இடம் தருகிறது. இலவசம் என்றாலே பழகிப் பார்ப்பதற்கு மட்டும்தான் என்று பலர் எண்ணிக்கொள்வது தேவையற்ற செலவுக்கே வழிவகுக்கிறது. வகுப்பறைக் கற்றலுக்கும் திறந்த மூல மென்பொருள் பணிக்கும் பயனர் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை.

நிறுவனங்களுக்கு நிலைமை வேறு. 250 கணினிகளுக்கு மேல் வைத்திருக்கும், அல்லது ஆண்டு வருவாய் 10 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டும் நிறுவனம், கற்றல், திறந்த மூலம் போன்ற விலக்குகள் நீங்கலாக, கம்யூனிட்டி பதிப்பைப் பயன்படுத்த இயலாது. அதற்குட்பட்ட சிறு நிறுவனத்திலும் ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரை மட்டுமே பயன்படுத்தலாம். நிரல் இயங்கும்போது நடப்பதைப் பதிவுசெய்து பிழை தேட உதவும் இன்டெல்லிட்ரேஸ் போன்ற கருவிகள் உண்மையாகவே தேவைப்படுவோர்க்கு எண்டர்பிரைஸ் பதிப்பைத் தவிர வேறு வழியில்லை, புரொஃபெஷனலிலும் அவை கிடைப்பதில்லை.