கம்பியில் படாத வீச்சு: கிட்டாரில் முதல் ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன்

கிட்டார் வாங்கிய புதிதில் ஸ்ட்ரம்மிங் பேட்டர்னை, அதாவது கம்பிகளை மேலும் கீழும் வருடும் வரிசையை, அம்புக்குறிகளாகத்தான் மனப்பாடம் செய்தேன். கீழ், கீழ், மேல், மேல், கீழ், மேல். ஆறு அம்பும் வரிசை மாறாமல் வரும், கேட்கத்தான் சகிக்காது. அந்த அம்புகளுக்கு நடுவே கம்பியைத் தொடாமல் கை போய்வரும் வீச்சு இரண்டு இருக்கிறது என்பது பல மாதம் கழித்துத்தான் உறைத்தது.

முதலில் கார்டை, அதாவது பல சுரங்கள் சேர்ந்தொலிக்க இடது கை விரல்கள் கம்பிகளை அழுத்தும் அமைப்பை, மறந்துவிடுங்கள். இடது கை விரல்களை ஆறு கம்பிகள் மேலும் லேசாகப் படியவிடுங்கள், அழுத்த வேண்டாம். இப்போது வலது கையால் இழுத்தால் சுரம் வராது, 'சக் சக்' என்ற ஓசை மட்டும் வரும். தாளம் பழக அதுவே போதும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் நிம்மதி.

பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) மெல்லியதாக இருக்கட்டும், 0.60 முதல் 0.73 மி.மீ. வரை சரியாக இருக்கும். தடித்த பிக் ஆரம்பத்தில் கம்பியில் மாட்டிக்கொண்டு நிற்கும். இறுக்கிப் பிடிக்காதீர்கள். கை கழுவியபின் துண்டு கிடைக்காவிட்டால் தண்ணீரை உதறுவோமே, மணிக்கட்டில் அந்தத் தளர்வு வேண்டும்.

அடுத்து, வாயால் சொல்லுங்கள்: த க தி மி த க ஜு னு. எட்டு எழுத்து, ஒரு சுற்று. மிருதங்கம் படித்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. த, தி, த, ஜு வரும்போது கை கீழே இறங்கும். க, மி, க, னு வரும்போது மேலே ஏறும். ஊஞ்சல் மாதிரி, நிற்கவே கூடாது. மெட்ரோநோமை (சீராக 'டிக்' ஒலி தரும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60-இல் வைத்து, கை இறங்கும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு 'டிக்'கோடு விழும்படி ஐந்து நிமிடம் ஆட்டுங்கள்.

ஆட்டம் நிலைத்ததும், எட்டில் இரண்டை மட்டும் கம்பியில் படாமல் விடுங்கள்:

த – கீழ்
க – மேலே, படாது
தி – கீழ்
மி – மேல்
த – கீழே, படாது
க – மேல்
ஜு – கீழ்
னு – மேல்

எல்லோரும் தடுக்கி விழுவது ஐந்தாவதில். 'மேல், மேல்' என்று அடுத்தடுத்து வருகிறதே, நடுவில் கை இறங்காமல் இரண்டாம் முறை எப்படி ஏறும்? இறங்கத்தான் செய்கிறது, கம்பிக்கு ஓர் அங்குலம் வெளியே. அந்த 'த'வை வாயால் அழுத்திச் சொல்லுங்கள். வாய் சொன்னால் கை இறங்கும். வாய் விழுங்கினால் கை பாதியில் நின்றுவிடும், அப்புறம் பின்னால் வரும் மூன்றும் முந்திக்கொண்டு ஓடும். சந்தேகமாக இருந்தால் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். வாசிக்கும்போது தெரியாத அவசரம் அதில் பளிச்சென்று தெரியும்.

மேல் வீச்சில் ஆறு கம்பியையும் வாரி எடுக்க வேண்டியதில்லை. கீழே இருக்கும் மெல்லிய மூன்றைத் தொட்டாலே போதும்.

இனி கார்டு. ஈ மைனரில் தொடங்குங்கள்: மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால் ஐந்தாம், நான்காம் கம்பிகளில் இரண்டாவது ஃபிரெட் (கிட்டாரின் கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்), இரண்டே விரல். நான்கு சுற்று அதிலேயே ஓடட்டும். பிறகு ஜி மேஜருக்கு மாறுங்கள். விரல் போய்ச் சேர நேரம் பற்றாது, வலது கை தானாக நிற்கப் பார்க்கும். நிற்க விடாதீர்கள். கடைசி 'னு' வரும்போதே இடது கை விரல்களை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு மேல் வீச்சு வெறும் கம்பிகளில் விழும்; ஓட்டத்தில் அது யார் காதுக்கும் உறுத்தாது. நன்றாக வாசிப்பவர்களே இப்படிச் செய்கிறார்கள். அடுத்த 'த'வுக்குள் ஒரு விரல் போய்ச் சேரவில்லை என்றாலும் பரவாயில்லை, சேர்ந்ததை வைத்துக்கொண்டு இழுத்துவிடுங்கள்.

தடுமாறாமல் இரண்டு நிமிடம் ஓடினால் மெட்ரோநோமை 65-க்கு ஏற்றுங்கள். தடுமாறினால் மறுபடி 60.