தை மொழிகளில் தொனிகளைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்குவழி

தாய்லாந்து, லாவோஸ், மியன்மார் எல்லைப் பகுதிகளில் ஷான், லூ, பூ தை மாதிரியான தை குடும்ப மொழி ஒன்றைப் பதிவு செய்யப் போகிறீர்களா? எத்தனை தொனி (சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) என்று பேசுபவரிடம் கேட்காதீர்கள். மொழியியலாளர் வில்லியம் கெட்னி 1972-இல் வெளியிட்ட 20 கட்ட அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். இம்மொழிகளின் மூதாதை மொழியில் சொல்லின் முதல் மெய் எந்த வகை என்பதற்கு நான்கு வரிசை, அதன் பழைய தொனிக்கு ஐந்து பத்தி (கடைசி இரண்டும் க், ட், ப் ஒலியில் முடியும் சொற்களுக்கு).

முதல் பத்தியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். காது, வருடம், பறப்பது, வயல் ஆகியவற்றுக்கான சொற்களை (வரிசைக்கு ஒன்று) அடுத்தடுத்துச் சொல்லவையுங்கள். பாங்காக் பேச்சில் காதுக்கு மட்டும் ஏறு தொனி, மற்ற மூன்றும் சமதொனி. சியாங் மாயிலோ வருடமும் காதோடு சேர்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு சொல்லும் மூன்று முறை. கடைசி முறை குரல் தானாகத் தாழும், அதை அளக்க வேண்டாம். தாய்லாந்து எழுத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னால் பாங்காக் தொனிதான் வரும்; படம், சைகை போதும். பிராட் (Praat) என்ற பேச்சொலி ஆய்வு மென்பொருளில் சுருதி எல்லையை ஆணுக்கு 75–300, பெண்ணுக்கு 100–500 ஹெர்ட்ஸ் வையுங்கள். மூன்றாம் பத்திச் சொற்களில் குரல் கரகரத்தால் சுருதிக் கோடு அறுந்துபோகும், அங்கே காதைத்தான் நம்ப வேண்டும். குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எடுக்கவே கூடாது; மூன்று வகைப் பகரமும் (p, ph, b) ஒன்றாகி வரிசையே குழம்பிவிடும்.

கரேன், மோன், கெமர் மொழிகள் வேறு குடும்பம். அவற்றுக்கு இந்த அட்டவணை உதவாது.